தெருவுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கே: மழைக்காலத்துக்கு முன்பு, எந்தத் தெருவுக்கு முதலில் படகும் பால் பவுடரும் போக வேண்டும் என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினோம். தண்ணீரே அதிகம் ஏறாத மேலத்தெரு முதலிடத்தில் வந்து நிற்கிறது. ஊரே சிரிக்கிறது. கணக்குத் தாளை இணைத்திருக்கிறோம். எங்கே தப்பு?
– வாசகர், கடலூர் மாவட்டம்

ப: தாளில் மூன்று தெரு, மூன்று அளவு இருக்கின்றன. 2015 வெள்ளத்தில் நின்ற தண்ணீர்: குளத்தங்கரைத் தெரு 90 செ.மீ., நடுத்தெரு 45, மேலத்தெரு 15. கூரை வீடுகள்: முறையே 20, 30, 60 சதவீதம். முகாமாகும் பள்ளிக்குத் தூரம்: 300, 500, 1,200 மீட்டர்.

ஒவ்வொன்றிலும் குறைந்ததைப் 0 என்றும் கூடியதை 1 என்றும் வைத்து, நடுவில் உள்ளதை விகிதப்படி போட்டிருக்கிறீர்கள். பிறகு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருக்கிறீர்கள். குளத்தங்கரை 0.33, நடுத்தெரு 0.29, மேலத்தெரு 0.67. வகுத்தல், பெருக்கல் எல்லாம் சரி. வழிதான் சரியில்லை.

முதல் தப்பு, கூட்டியது. தண்ணீர் ஆபத்து. கூரையும் தூரமும் அந்த ஆபத்து வந்தால் தாங்க முடியாமல் போகிற பலவீனம். இரண்டையும் கூட்டினால், வெள்ளம் எட்டிப் பார்க்காத தெருவும் ஏழ்மையின் பலத்திலேயே மேலே ஏறிவிடும். ஆபத்தை ஒரு பக்கம், பலவீனத்தின் சராசரியை மறுபக்கம் வைத்துப் பெருக்குங்கள்.

பெருக்கியவுடன் இரண்டாவது தப்பு வெளியே வரும். குளத்தங்கரையில் கூரை 0, தூரம் 0 என்பதால் பலவீனம் 0. 90 செ.மீ. தண்ணீரை 0-ஆல் பெருக்கினால் 0! உங்கள் 0-வுக்கு ‘இல்லை’ என்று பொருள் இல்லை. ‘இந்த மூன்றில் குறைவு’ என்றுதான் பொருள். அங்கேயும் 20 சதவீதம் கூரை வீடுகள் இருக்கின்றனவே. ஆகவே எல்லையைத் தெருக்களிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து நிலையாக வையுங்கள்: தண்ணீர் 0 முதல் 100 செ.மீ., கூரை 0 முதல் 100 சதவீதம், தூரம் 0 முதல் 2,000 மீட்டர். ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுட்காலத்துக்கு 20 ஆண்டு, 85 ஆண்டு என்று நிலையான எல்லை வைத்திருப்பதும் இதே மாதிரிதான். அந்தக் குறியீடும் 2010 வரை சாதாரண சராசரியாக இருந்து, பிறகு பெருக்கல் சராசரிக்கு (எண்களைக் கூட்டாமல் பெருக்கி எடுக்கும் சராசரி) மாறியது.

இப்போது போடுங்கள். குளத்தங்கரை: தண்ணீர் 0.90, கூரை 0.20, தூரம் 0.15, சராசரி 0.175, பெருக்கினால் 0.158. நடுத்தெரு: 0.45 × 0.275 = 0.124. மேலத்தெரு: 0.15 × 0.60 = 0.090. குளத்தங்கரைதான் முதலிடம், ஊர் சொன்னதும் அதைத்தானே.

கே: கணக்கில் கூரைக்கு எவ்வளவு எடை (முக்கியத்துவம்), தூரத்துக்கு எவ்வளவு எடை என்று எங்களுக்குள் இரண்டு வாரமாகச் சண்டை. முடித்து வையுங்கள்.
– அதே மன்றத்தின் இன்னொரு உறுப்பினர்

ப: கூரைக்கு 0.7, தூரத்துக்கு 0.3 என்று வைத்துப் பார்த்தோம். 0.167, 0.128, 0.090. வரிசை மாறவில்லை. நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் வேறு. குளத்தங்கரையின் 90 செ.மீ. உண்மையில் 70 என்று வையுங்கள். 0.70 × 0.175 = 0.1225. நடுத்தெரு 0.124. முதலிடம் கைமாறிவிட்டது! எடையை எப்படி மாற்றினாலும் அசையாத வரிசை, 20 செ.மீ. அளவுப் பிழையில் கவிழ்கிறது.

அந்தப் பிழை வருவது சுலபம். ‘முழங்கால் அளவு’ என்று ஒருவர் சொன்னால், தெருவில் நின்றா, வீட்டுக்குள் நின்றா என்று கேட்க வேண்டும். அடித்தளம் ஒன்றரை, இரண்டடி உயர்த்திக் கட்டிய வீட்டில் உள்ளே முழங்கால் என்றால் தெருவில் இடுப்புக்கு மேல். எல்லா வீட்டுக்கும் தெருமட்டத்திலிருந்தே அளவுநாடா பிடியுங்கள். சுவரில் நீர்க்கறை இருந்தால் அதை அளக்கலாம்; வெள்ளை அடித்துவிட்டார்கள் என்றால் மின்கம்பம், கோயில் மதில், பள்ளிச் சுவர் பாருங்கள். தெருவுக்கு ஐந்து இடமாவது அளந்து, ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பள்ளமான வீடு அதை இழுத்துக்கொண்டு போய்விடும். 2015-க்குப் பிறகு தெருவில் சிமென்ட் சாலை போட்டு மட்டம் உயர்ந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கறை அதே இடத்தில்தான் இருக்கும், நீங்கள் அளக்கும் தரை மாறியிருக்கும்.

கே: ஏழ்மையை அளக்க ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருவாரூர்

ப: அரிசி அட்டையை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் பொது. மாடி வீட்டிலும் அரிசி அட்டை இருக்கும், குடிசையிலும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டாத அளவால் பயனில்லை. மிக ஏழைக் குடும்பங்களுக்கான, மாதம் 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை ஓரளவு பிரித்துக் காட்டும்.

இன்னொன்று. கூரை வீடு, அந்தியோதயா அட்டை, நிலமில்லாத கூலிக் குடும்பம் என்று மூன்றையும் தனித்தனிக் கட்டமாகச் சேர்த்தால், பெரும்பாலும் அதே வீட்டை மூன்று முறை எண்ணுகிறீர்கள். எக்செலில் ‘கோரெல்’ (CORREL) என்ற சார்பு இருக்கிறது; இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று அது சொல்லும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் 0.8-க்கு மேல் வந்தால் ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

எதிர்த்திசை அளவுகளிலும் ஒரு கண் இருக்கட்டும். முகாமில் கழிப்பறை எண்ணிக்கை கூடினால் நல்லது, ஆபத்து குறையும். அதற்கு வந்த 0–1 மதிப்பெண்ணை 1-லிருந்து கழித்துப் போட வேண்டும். இதை மறந்த தாள்களை நிறையப் பார்த்திருக்கிறோம்; வசதியான தெரு தலையில் நிற்கும்போதுதான் பிடிபடும்.

கே: சில தெருக்களில் தகவல் கிடைக்கவில்லை. 0 போட்டுவிடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: கூடவே கூடாது. 0 என்றால் ‘ஆபத்தே இல்லை’ என்று எழுதுவது. கட்டத்தைக் காலியாக விட்டு, கிடைத்த அளவுகளைக் கொண்டு மட்டும் சராசரி எடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி என்றால் அந்தத் தெருவுக்கு மதிப்பெண்ணே போடாமல் ‘மறுபடி போக வேண்டும்’ என்று எழுதுங்கள். கணக்கெடுப்பவர் போகாத தெரு பெரும்பாலும் சேறும் தூரமும் உள்ள தெருவாகத்தான் இருக்கும்.

உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளை எண்ணுவதிலும் இதே பொறி. 1070, 1077-க்கு அழைப்பு வராத தெரு பத்திரமாக இருந்திருக்கலாம்; செல்போன் நனைந்து போயும் இருந்திருக்கலாம்.

கே: ஊராட்சிகளுக்கு மத்திய அரசே மதிப்பெண் போடுகிறது என்று படித்தேன். அதுவே போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

ப: நீங்கள் படித்தது பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு. 2022–23 நிலவரத்தை வைத்து முதல் பட்டியல் 2025 ஏப்ரலில் வந்தது. ஒன்பது கருப்பொருள், 435 அளவுகள். 90-க்கு மேல் ‘அச்சீவர்’, 75-லிருந்து ‘ஃப்ரன்ட் ரன்னர்’, 60-லிருந்து ‘பெர்ஃபார்மர்’, 40-லிருந்து ‘ஆஸ்பிரண்ட்’, அதற்குக் கீழே ‘பிகினர்’. சரிபார்த்த தகவல் தந்த 2,16,285 ஊராட்சிகளில் முதல் வகுப்பில் ஒன்றுகூட இல்லை, 699 இரண்டாம் வகுப்பு, 1,32,392 ‘ஆஸ்பிரண்ட்’.

திட்டம் போடவும், அடுத்த ஊராட்சியோடு ஒப்பிடவும் அது உதவும். மொத்த எண்ணோடு நின்றுவிடாமல் ஒன்பது கருப்பொருளுக்கும் தனித்தனியே வந்த எண்ணைப் பாருங்கள்; தண்ணீரில் 80-ம் சுகாதாரத்தில் 35-ம் வாங்கிய ஊராட்சிக்கு மொத்த எண் ஒன்றும் சொல்லாது. ஆனால் எந்த எண்ணும் ஊராட்சி முழுவதற்கும் சேர்த்துத்தான். குளத்தங்கரைக்கும் மேலத்தெருவுக்கும் உள்ள வித்தியாசம் அதில் கரைந்துபோகும். படகு எந்தத் தெருவுக்கு என்பதற்கு உங்கள் தாள்தான் வேண்டும்.

கே: அமெரிக்காவில் இதைத் தரவரிசை சதவீதத்தில் போடுகிறார்களாமே?
– பொறியியல் மாணவி, சென்னை

ப: ஆமாம். அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் 16 அளவுகளை நான்கு பிரிவாக்கி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு பகுதி எத்தனை சதவீதப் பகுதிகளைவிடப் பலவீனமானது என்று தரம் பிரிக்கிறது. விபரீதமான ஒற்றை எண் வந்தாலும் தாள் கெடாது, அது வசதி. ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே அளவு முன்னேறினால் தரம் அப்படியே நிற்கும். போன வருடத்தோடு ஒப்பிட நிலையான எல்லைதான் நல்லது.

கே: பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: தெரு வாரியாக ஒட்டலாம். எட்டு வீடுள்ள சந்தில் ஒரு வீடு கூடினாலே 12.5 சதவீதம் எகிறும். அப்படிப்பட்ட சிறு சந்துகளைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் முதியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாத கர்ப்பிணி உள்ள வீட்டு எண்களை மட்டும் வரைபடத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். எந்த வீட்டில் ஆள் பலம் இல்லை என்று திருடனுக்குச் சொல்வதாகும். அந்தத் தாள் படகு ஓட்டுகிறவர் கையிலும் கிராம சுகாதாரச் செவிலியர் கையிலும் இருந்தால் போதும். அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஜூனில் எழுதிய கர்ப்பிணிக்கு அதற்குள் குழந்தை பிறந்திருக்கும், மீட்புக் கூடையில் வைக்க வேண்டிய பொருளும் மாறியிருக்கும்.