பழைய மாட்டுக் கொட்டகையில் குளவி மண்கூடு கட்டினால் இடிக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இது கூட்டமாகப் பறந்து கொட்டும் குளவி இல்லை. மெல்லிய இடுப்புள்ள மண்குளவி, தனியாக வாழும். கையால் பிடித்து நசுக்கினால் ஒழிய பெரும்பாலும் கொட்டாது.

கட்டுவது பெண் குளவி மட்டும்தான். தொட்டி ஓரத்துச் சேற்றை உருட்டி வாயில் கவ்வி வரும். பூசும்போது 'ஙொய்ங்' என்று சத்தம் கேட்கும். விரல் பருமனில் ஒரு அறை முடிந்ததும் சிலந்திகளைக் கொட்டி, சாகடிக்காமல் செயலிழக்க வைத்து, உள்ளே அடைக்கும். ஒரு முட்டை இட்டு வாயை மூடிவிடும். அப்புறம் அடுத்த அறை. கடைசியில் எல்லாவற்றின் மேலும் மண் பூச்சு.

கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்களே, அது நடப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியேறுகிறது.

கூட்டில் வட்ட ஓட்டைகள் இருந்தால் குஞ்சுகள் போய்விட்டன; தாராளமாகச் சுரண்டி எடுக்கலாம். மூடியிருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். மோட்டார் ரூமில் மட்டும் கவனம் தேவை: குழாய் வாயிலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் கட்டியிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உடனே எடுத்துவிடுங்கள்.