என்க்ளெக்ஸ், ஆஸ்கி: எது கடினம்?

இங்கே பிஎஸ்சி நர்சிங் முடித்தவருக்கு அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ் கடினமா, பிரிட்டனின் செய்முறைத் தேர்வான ஆஸ்கி கடினமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சோதிப்பது வேறு வேறு திறமையை.

நம் ஊரில் நான்கு வருடம் படித்து, பல்கலைக்கழகத் தேர்வில் தேறி, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்துகொள்கிறோம். அமெரிக்காவில் அங்கேயே படித்தவர்களும் என்க்ளெக்ஸ் எழுதியே ஆகவேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றிக்கொண்டே போகும். 85-லேயே தேர்வு நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பாஸானவர்களுக்கும் அப்படி நிற்கும்.

கேள்விகள் மனப்பாடத்துக்கு மசியாது. நான்கு நோயாளிகளைக் கொடுத்து, யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். நான்கு பேருக்கும் கவனிப்பு தேவைதான். ஆனால் மூச்சுத் திணறுகிறவர் காத்திருக்க முடியாது. டாக்டர் சொன்னதைச் செய்தே பழகிய நமக்கு இந்த முடிவெடுக்கும் பழக்கம்தான் குறைவு, அறிவு குறைவில்லை.

பிரிட்டனில் அங்கே படித்தவர்களுக்குத் தனி உரிமத் தேர்வு கிடையாது. வெளிநாட்டில் படித்த நமக்கு முதலில் கணினித் தேர்வு, அப்புறம் பத்து நிலையங்கள், அதாவது ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட வேண்டிய பத்துப் பகுதிகள், கொண்ட ஆஸ்கி செய்முறைத் தேர்வு. மருந்து கொடுப்பதென்றால், கை கழுவி, நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, அவர் கைப்பட்டையோடு ஒப்பிட்டு, அலர்ஜி விசாரித்த பிறகே மாத்திரையைத் தொடலாம். மருந்து சரியாக இருந்தாலும் இதில் ஒன்றை விட்டால் அந்த நிலையமே போய்விடலாம். ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

என்னைக் கேட்டால், வார்டில் கை பழகியவருக்கு ஆஸ்கி எளிது. என்க்ளெக்ஸுக்குத் தினமும் கேள்விகள் போட்டுப் பார்த்து, தப்பானதற்குக் காரணம் படிக்க வேண்டும்.