மீதியை வெள்ளித்திரையில் காண்க

கேள்வி: எனக்கு 26 வயது. தூத்துக்குடியில் ஷிப்பிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. சினிமா, கேம், காமிக்ஸ் மூன்றின் மேலும் பைத்தியம். எதைப் பார்த்தாலும், விளையாடினாலும், படித்தாலும் உடனே வாட்ஸ்அப் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் எழுதிப் போட்டுவிடுவேன். போன மாதம் ஒரு த்ரில்லர் படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, 'செம படம். கடைசி இருபது நிமிஷம் மிரட்டல். ஹீரோவோட அண்ணனை மட்டும் நம்பிடாதீங்க' என்று எழுதினேன். என் பெரியப்பா மகள் நர்ஸாக இருக்கிறார். ஆறு நாள் நைட் டியூட்டி பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குப் போனார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் கதையைச் சொல்லவே இல்லையே? இப்போது எதை எழுதவும் பயமாக இருக்கிறது. 'நல்லாருக்கு, பாருங்க' என்று மட்டும் போட்டால் அதில் என்ன இருக்கிறது? கதையைச் சொல்லாமல் கருத்தை எப்படிச் சொல்வது?

- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் அக்காவின் கோபம் நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கதையைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் தியேட்டரில் அக்கா எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அண்ணன் திரைக்கு வந்தபோதெல்லாம் அவருடைய கண்ணையும் கையையுமே கவனித்துக்கொண்டிருந்திருப்பார். அண்ணன் தம்பிக்காக அழும் இடத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் உருகியிருப்பார்கள். அக்காவுக்கு 'நடிக்கிறான்' என்று தோன்றியிருக்கும். அந்தப் பாத்திரத்தின் மேல் நமக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று எழுதியவரும் நடித்தவரும் பட்ட பாடு உங்கள் ஒரு வரியில் போய்விட்டது. ஆறு ராத்திரி கண்விழித்துவிட்டு, கிடைத்த ஒரே நாளை இதற்கென்று வைத்திருந்தவருக்கு அது சின்ன இழப்பு இல்லை. (படத்தின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இன்னும் பார்க்காத வாசகர்கள் இருப்பார்கள் என்பதால் அதைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.)

இந்த வலி எனக்கும் தெரியும். பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில் எங்கள் ஊர் நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு பெயரைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்து மணி மணியாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நாவலைப் படித்து முடித்தேனா என்பது நினைவில் இல்லை.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் எங்கள் கையில் இருந்தது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். சில தாள்கள்தான், மட்டமான காகிதம். பாட்டுகளோடு 'கதைச் சுருக்கம்' என்று ஒன்று இருக்கும். யார் யார், எந்த ஊர், என்ன பிரச்சினை என்று விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு இறுகும் இடத்தில் இரண்டு மூன்று கேள்விகளை அடுக்கி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். எழுதியவர் யாரோ, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. முடிச்சு என்ன என்பதுவரை சொல்லலாம். அது எப்படி இறுகுகிறது, எப்படி அவிழ்கிறது என்பது பார்ப்பவருக்கு உரியது. 'மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும்' என்று காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அது கதைக்குள் நுழையும் வாசல். நம் படங்களில் இன்டர்வெல்லே ஒரு குட்டி கிளைமாக்ஸ் என்பதால், அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிதான் கொஞ்சம் கஷ்டம். படத்தில் நடந்ததை எழுதுவது சுலபம், யாரும் எழுதிவிடலாம். பார்க்கும்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று எழுதுவதுதான் கருத்து. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தைப் பற்றி நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"1943, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நேரம். ரேடியோ இன்ஜினியர் ஒருவர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறார். அவராக நடிப்பது சிவாஜி கணேசன். படம் தொடங்கியதுமே விழுந்துவிடுகிறார். விசாரிக்க வரும் சி.ஐ.டி. அதிகாரியிடம் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்லும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இது. பாட்டு இல்லையே என்ற நினைப்பே வரவில்லை, அவ்வளவு இறுக்கம். நிழலையும் வெளிச்சத்தையும் வைத்தே பதற வைக்கிறார்கள். பேச்சு நிறைய, போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள்."

சுட்டது யார் என்பது இதில் இல்லை. யாரைச் சந்தேகப்பட வேண்டும், வேண்டாம் என்பதும் இல்லை. ஆனால் பார்ப்பதா இல்லையா என்று முடிவெடுக்க இது போதும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'கடைசி வரை யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது' என்று எழுதத்தான் முதலில் கை போனது. எழுதி அடித்துவிட்டேன். அப்படிச் சொன்னால், சந்தேகமே வராத ஆள் யார் என்று முதல் காட்சியிலிருந்தே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

'ட்விஸ்ட் இருக்கு' என்பதே ஸ்பாய்லர்தான் (பார்க்கும் முன்பே சுவையைக் கெடுத்துவிடும் தகவல்), தம்பி. நிறையப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை, நான் உறுதியாகச் சொல்கிறேன். 'கடைசி இருபது நிமிஷம்' என்று எழுதினால் அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு மணி நேரமும் காத்திருப்பு ஆகிவிடும். 'செகண்ட் ஹாஃப்ல ஒருத்தர் வர்றார் பாருங்க' என்றால், அந்த நடிகர் திரையில் வரும்போது எழ வேண்டிய விசில் பாதியாகக் குறைந்துவிடும். பழைய படம் ஒன்றின் பெயரைச் சொல்லி 'அது மாதிரியே இருக்கு' என்பது இன்னும் மோசம். இரண்டு படமும் போயிற்று. அப்படி ஒரு நடிகர் திடீரென்று தலைகாட்டும் கேமியோ காட்சியைத் தியேட்டரில் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி அனுமதியில்லாமல் திரையைப் பதிவு செய்வது குற்றம். மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம்.

சரி, உங்கள் வரியையே திருத்திப் பார்ப்போம். நானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்.

'ஒரே குடும்பத்துக்குள்ள நடக்குற த்ரில்லர். அண்ணன் தம்பியா நடிச்ச ரெண்டு பேரும் நிஜமாவே அண்ணன் தம்பி மாதிரி இருக்காங்க. முதல் அரை மணி நேரம் மெதுவா போகும், பொறுமையா இருங்க. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. படம் முடிஞ்சு வீடு வர்ற வரைக்கும் நான் யாரோடயும் பேசல.'

இதிலும் அண்ணன் இருக்கிறார், ஆனால் அவரைப் பற்றி எந்தத் தீர்ப்பும் இல்லை. கடைசி வரியைப் பாருங்கள். 'மிரட்டல்' என்ற வார்த்தையை விட அது பலமாகச் சொல்கிறது. கிளைமாக்ஸைத் தொடவும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், குழந்தையைப் பறிகொடுத்தவர், எந்தப் படத்துக்குப் போகும் முன்னாலும் 'அதுல குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?' என்று கேட்பார். அவரிடம் 'போய்ப் பாருங்க, சொல்ல மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? நேராக, முழுசாகச் சொல்ல வேண்டும், தனியாக. 2024-லிருந்து யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது உதவும். பெரியவர்களின் காயங்களை எந்தச் சான்றிதழும் பார்ப்பதில்லை. அதனால் தற்கொலை, பாலியல் கொடுமை போன்றவை படத்தில் இருந்தால், யாருக்கு, எங்கே என்று சொல்லாமல் 'மனசைப் பாதிக்கும் காட்சிகள் உண்டு, தெரியணும்னா தனியா கேளுங்க' என்று ஒரு வரி போடுங்கள். நாம் ரகசியம் காப்பது பார்க்கப் போகிறவர்களுக்காக. அவர்களே கேட்கும்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

கேம் விஷயம் வேறு மாதிரி. அங்கே கதையை விட, தானாகக் கண்டுபிடிப்பதுதான் பெரிய சுகம். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்று 2018-ல் ஒரு கேம் வந்தது. காணாமல் போன கப்பல் ஒன்று 1807-ல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நாம் இன்ஷூரன்ஸ் அதிகாரி. அதில் போன 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவும் சொல்லலாம். ஆனால் ஒரே ஒருவருடைய பெயரை நீங்கள் சொன்னாலும், அந்தக் கண்டுபிடிப்பு விளையாடுபவருக்குத் திரும்பக் கிடைக்காது. யாராவது மாட்டிக்கொண்டு உதவி கேட்டால், முதலில் 'அந்த இடத்தை இன்னொரு தடவை நிதானமா பாருங்க' என்பதோடு நிறுத்துங்கள். மறுபடி கேட்டால் இன்னும் ஒரு படி. விடையை அவர்களே கேட்கும்வரை சொல்லாதீர்கள். மற்றபடி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, பழைய லேப்டாப்பில் ஓடுமா, நடுவில் சேமிக்க முடியுமா, எவ்வளவு இங்கிலீஷ் படிக்க வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கும் முன்னால் எல்லோரும் தேடுவது அதைத்தான்.

காமிக்ஸில் படமே ஸ்பாய்லர். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ் என்று தொடங்கி வளர்ந்த வாசகர் கூட்டம் நம்முடையது. சந்தா கட்டியவர்களுக்குப் புத்தகம் கூரியரில் வரும். ஒரு ஊருக்கு இன்று, இன்னொரு ஊருக்கு நாளை மறுநாள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் தாமதம். பார்சலைப் பிரித்த சந்தோஷத்தில் உள்பக்கத்தை போட்டோ எடுத்துப் போடத் தோன்றும். போடும் முன்னால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நல்ல ஓவியர்கள் அதிர்ச்சியை வலது பக்கத்தில் வைக்க மாட்டார்கள். வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் கதவைத் திறப்பான், அல்லது திரும்பிப் பார்ப்பான். அவன் பார்த்தது என்ன என்பது தாளைத் திருப்பினால்தான், இடது பக்கத்தின் முதல் கட்டத்தில் தெரியும். அந்த ஒரு நொடி, விரல் தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கும் நொடி, அதற்காகத்தான் அந்தப் பக்கம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் போட்டோ அதை எடுத்துவிடும். அட்டையைப் போடுங்கள். முதல் இரண்டு பக்கத்திலிருந்து ஒரு கட்டத்தைப் போடுங்கள், ஓவியம் எப்படி என்று காட்ட அது போதும். அச்சு, வண்ணம், மொழிபெயர்ப்பு பற்றி எழுதுங்கள். வசனம் நம் வாய்க்கு வருகிறதா, பலூனுக்குள் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதா என்று எழுதினால், புத்தகம் போடுகிறவர்களுக்கும் உதவும்.

'கதை தெரிந்தால் என்ன, ரசிக்க முடியாதா?' என்று குரூப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். முடியும். துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊரே கூத்துப் பார்க்கப் போகிறது. 2011-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 12 சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்களுக்குக் கதை கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது. ஆனாலும் நான் மசிய மாட்டேன். தெரிந்தபின் பார்ப்பதும் சுகம்தான், அது இரண்டாம் தடவை பார்க்கும்போது தானாகவே கிடைக்கும். தெரியாமல் பார்ப்பது ஒரு தடவைதான். எப்படிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் பார்ப்பவர்.

எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அடுத்து கேட்பீர்கள். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952-ல் தொடங்கியது. இன்றும் நாடகம் முடிந்ததும், கொலையாளி யாரென்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் கெடு வைப்பதில் நம்பிக்கை இல்லை. யாரிடம் பேசுகிறோமோ அவர் பார்த்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் பேசினால் போதும்.

பார்த்தவர்களோடு மனம்விட்டுப் பேசத்தான் செய்வீர்கள், பேசவும் வேண்டும். அதற்குத் தனி குரூப் வையுங்கள். டெலிகிராமில் எழுதியதைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லர் என்று மறைக்கலாம். டிஸ்கார்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் மறையும். வாட்ஸ்அப்பில் முதல் வரி நோட்டிஃபிகேஷனிலேயே தெரிந்துவிடும் என்பதால், முதல் வரியில் படத்தின் பெயரையும் 'பார்த்தவர்களுக்கு மட்டும்' என்பதையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அப்புறம், அக்கா. குரூப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள், பத்துப் பேர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார்கள். டியூட்டி முடிந்து தூங்கி எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் பண்ணுங்கள். 'நான் கதையைச் சொல்லலையே' என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். தப்பு என்னுது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் எந்த நாள் ஓய்வு என்று கேளுங்கள். அந்த நாளுக்கு, நீங்கள் இருவருமே பார்க்காத ஒரு படத்துக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள். அதுவரை நீங்களும் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருங்கள்.