இலைச்சாற்றில் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்: கேள்வி பதில்

கேள்வி: அளவுகளோடு ஒரு செய்முறை?

பதில்: நிழலில் உலர்த்திப் பொடித்த இலை 5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி. 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் வடிதாளில் வடிகட்டுங்கள். ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 2.2 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 0.1 மோலார். அதைக் கலக்கியபடியே 20 மி.லி. சாற்றை ஊற்றி, 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 10க்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரம் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் பிரித்து, நீரில் மூன்று முறை, எத்தனாலில் ஒரு முறை கழுவுங்கள். 80 டிகிரியில் உலர்த்தி, 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுங்கள். சாறே சேர்க்காத இன்னொரு குடுவையையும் இதே படிகளில் நடத்துங்கள். அது இல்லாமல் சாறு என்ன செய்தது என்று சொல்ல வழியே இல்லை.

கேள்வி: வெள்ளை வீழ்படிவு வந்தது, காரம் கூடியதும் மறைந்துவிட்டது.

பதில்: ஜிங்க் ஹைட்ராக்சைடு ஈரியல்பு உடையது, அதாவது அமிலத்திலும் காரத்திலும் கரையும். காரம் மிஞ்சினால் ஜிங்கேட்டாகக் கரையும். நீர்த்த அமிலம் விட்டு பிஎச் 10க்கு இறக்குங்கள், திரும்ப வரும்.

கேள்வி: அசிடேட்டுக்குப் பதில் ஜிங்க் நைட்ரேட்டைச் சாற்றோடு சுண்டவைத்து அப்படியே உலையில் வைக்கலாமா?

பதில்: நைட்ரேட் ஆக்சிஜனேற்றி, இலைச்சத்து எரிபொருள். களி வற்றும் தறுவாயில் சட்டென்று தீப்பற்றிப் பொங்கும். மூசையில் (சுடும் கிண்ணத்தில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பழுப்புப் புகை நச்சு. புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள் மட்டுமே செய்யுங்கள்.

கேள்வி: கரைசல் நிறம் மாறியது. துகள் வந்துவிட்டதா?

பதில்: நிறம் சான்றல்ல. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காணும் சோதனை) 31.8, 34.4, 36.3 டிகிரி கோணங்களில் முகடுகள் இருக்கின்றனவா பாருங்கள்.

கேள்வி: இரும்பு குளோரைடில் சாறு பட்டதும் கறுத்தது. இரும்பு ஆக்சைடுதானே?

பதில்: நிறம் சான்றல்ல. அது பெரும்பாலும் இரும்பும் இலையிலுள்ள டானினும் சேர்ந்த கூட்டுப்பொருள். பழைய எழுதுமையின் கறுப்பும் இதேதான்.

கேள்வி: சாறு ஜிங்க் அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்குவதாகப் பல கட்டுரைகள் சொல்கின்றனவே?

பதில்: தவறு. வெள்ளிக்குப் பொருந்தும் வாக்கியத்தை இங்கே ஒட்டிவிட்டார்கள். அசிடேட்டில் ஜிங்க் +2, ஆக்சைடிலும் +2. எலக்ட்ரான் எதையும் அது பெறவில்லை. ஒடுக்கினால் கிடைப்பது ஜிங்க் உலோகம், அதற்கான ஒடுக்க மின்னழுத்தம் −0.76 வோல்ட், சாற்றிலுள்ள பாலிஃபீனாலுக்கு எட்டாத இடம்.

கேள்வி: அப்படியானால் சாறு எதற்கு?

பதில்: பாலிஃபீனால் அயனியைப் பற்றிக்கொள்ளும், வளரும் படிகத்தின் முகங்களில் ஒட்டி வளர்ச்சியை மட்டுப்படுத்தும். வீழ்படிவாக்குவது காரம்தான்.

கேள்வி: 450 டிகிரியில் சுட்ட பிறகும் எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 3400 அருகே பட்டை வருகிறது. அது துகளைச் சுற்றிய சாற்றின் உறைதானே?

பதில்: பொடி காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரமாகவே இருக்கும். உறை உலையில் எரிந்துபோகும். உறை வேண்டுமானால் 80 டிகிரி உலர்த்தலோடு நிறுத்துங்கள். ஹைட்ராக்சைடு மிச்சமிருக்கிறதா என்று எக்ஸ்ஆர்டியில் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் நிறம் மாறியது, மஞ்சளாக.

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

கேள்வி: சுட்ட பொடி சாம்பல் நிறம்.

பதில்: கரி மிஞ்சியிருக்கிறது. மூடியைத் திறந்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, 500 டிகிரியில் இன்னொரு மணி நேரம் சுடுங்கள்.