பதில்: பால் டிவிடியின் 5.1 ஒலி, ப்ளூ-ரே படத்தோடு ஒட்டவில்லை

பால் (PAL, இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் பழைய தொலைக்காட்சி முறை) டிவிடியிலிருந்து எடுத்த 5.1 ஒலியை, அதாவது ஆறு சேனல் சுற்றொலியை, ப்ளூ-ரே படத்தோடு சேர்த்தால், பத்தாவது நிமிடத்தில் ஒலி சுமார் 25 விநாடி முந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பால் நாடுகளுக்கான டிவிடியில் திரைப்படத்தை விநாடிக்கு 25 ஃபிரேமாக வேகமாக்கியிருப்பார்கள். உங்கள் ப்ளூ-ரே விநாடிக்கு 23.976 ஃபிரேம். ஒரு மணி நேர ஒலி 62 நிமிடம் 34 விநாடியாக நீண்டால்தான் பொருந்தும். தாமத அளவை மட்டும் மாற்றினால் தொடக்கம் சரியாகும், போகப் போக மறுபடி விலகும்.

டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டல் (ஏசி3) என்ற சுருக்கிய ஒலியை அப்படியே நீட்ட முடியாது. முதலில் ஆறு சேனல் வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாகப் பிரியுங்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், டிஆர்சி (சத்த வேறுபாட்டைக் குறைக்கும் அமைப்பு, drc_scale) அளவைச் சுழியமாக வையுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தின் ஏற்ற இறக்கம் அமுங்கிவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். அப்புறம் 48000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48000 ஒலி மாதிரி) கோப்பை, மாதிரிகளைத் தொடாமல் 46034 ஹெர்ட்ஸ் என்று அறிவித்து, மீண்டும் 48000-க்கு ரீசாம்பிள் (மாதிரிகளை மறுகணக்கு) செய்யுங்கள். வேகத்தோடு சுமார் முக்கால் செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) அளவு ஸ்ருதி ஏறியிருந்த குரலும் இயல்புக்கு இறங்கும்.

சில டிவிடிகளில் ஸ்ருதியை முன்பே திருத்தியிருப்பார்கள். மாற்றிய பின் வசனம் கனத்துக் கேட்டால் உங்களுடையதும் அந்த வகைதான். அப்போது ஸ்ருதி மாறாமல் நீட்டும் கருவி வேண்டும். ஆறு சேனலையும் ஒன்றாகவே கொடுங்கள். தனித்தனியாக நீட்டினால் சுற்றொலியின் திசை கலங்கும்.

கடைசியில் 640 கேபிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 640 கிலோபிட்) மீண்டும் ஏசி3 ஆக்குங்கள்.