கடலில் அந்தப் படகை யார் நிறுத்துவது?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்கள் கடல்வழிப் போதைப்பொருள் கடத்தலைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, சுங்கத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் எழுதும் பதில்கள்.

கேள்வி (பால்மரம் சீவிய பெரியவர்): கடத்தல்காரர்கள் சின்னஞ்சிறு தீவுகளை ஏன் தேடிப் போகிறார்கள்?

பதில்: அண்ணே, தீவு சிறியது, அதன் கடலோ மிகப் பெரியது. இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் சீஷெல்ஸ் தீவுநாட்டின் பொருளாதாரக் கடற்பரப்பு, அதாவது மீன் முதலிய வளங்களில் அதற்கே உரிமையுள்ள கடல், 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் மலேசிய நிலப்பரப்பைப்போல் நான்கு மடங்கு. ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து ஹெராயினுடன் புறப்படும் மரக்கலங்களை அந்த விரிந்த பரப்பில் தேடிப் பிடிப்பது எளிதன்று. வழியில் வந்த சரக்கில் ஒரு பங்கு அங்கேயே இறங்கி, அந்நாட்டுப் பிள்ளைகளைச் சீரழிப்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): சந்தேகம் வந்தால் போர்க்கப்பல் உடனே மறித்துச் சோதிக்கலாமே, ஐயா?

பதில்: எல்லாக் கப்பலையும் அப்படிச் செய்ய முடியாது, தம்பி. செம்பனைக் குலை திருடிய லாரி பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால், அந்த நிர்வாகியிடம் கேட்காமல் நம் காவலர் கேட்டைத் தாண்டுவதில்லை அல்லவா? அதுபோல, நடுக்கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியுடன் செல்கிறதோ, அந்த நாட்டிடம் பதிவை உறுதிசெய்து அனுமதி பெறும் முறையை போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. எந்த நாட்டிலும் பதிவாகாத கலமென்று சந்தேகிக்க இடமிருந்தால், 1982ஆம் ஆண்டு கடற்சட்ட உடன்படிக்கையின் 110ஆவது பிரிவுப்படி ஏறிப் பார்க்கலாம்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): பிடித்த பிறகு என்ன நடக்கிறது?

பதில்: என்னை வருத்துவது இதுதான், டீச்சர். பஹ்ரைனிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் கூட்டுக் கடற்படை பல தடவை மூட்டைகளைக் கடலிலேயே அழித்துவிட்டு, ஆட்களைப் படகோடு விட்டுவிட்டது. அவர்களை எந்தக் கரையில் இறக்கி, எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பதற்கு உறுதியான வழி இருக்கவில்லை. ஆளைத் தப்பவிட்டால் அடுத்த மாதமே அவன் வேறு மூட்டையுடன் வருவான் என்பது என் கருத்து. மேற்கு இந்தியப் பெருங்கடல் நாடுகளிடையே 2018இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, மடகாஸ்கரில் உள்ள மையம் கடல்தகவல்களைத் திரட்டுகிறது. சீஷெல்ஸில் உள்ள மையம் கூட்டு நடவடிக்கைகளை ஒருங்கிணைக்கிறது.

கேள்வி (கடைக்கார அம்மா): இந்த ஒத்துழைப்பால் பலன் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. 2019இல் பனாமா கொடியுடன் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பலொன்று, மாலுமி ஒருவர் இறந்துபோனதால் கேப் வெர்டே தீவுநாட்டின் பிராயா துறைமுகத்துக்குள் வந்தது. கடல்வழிப் போதைப்பொருள் கடத்தல் பற்றிய தகவல்களைத் திரட்ட லிஸ்பனில் ஐரோப்பிய நாடுகள் 2007 முதல் நடத்திவரும் மையம் தந்த தகவலைக் கையில் வைத்திருந்த உள்ளூர்க் காவல்துறை கப்பலைச் சோதித்து, 9 டன்னுக்கும் மேற்பட்ட கொக்கெய்னைக் கைப்பற்றியது. ரஷ்ய மாலுமிகள் 11 பேரும் அங்கேயே கைதானார்கள்.