ஒரே கோப்பு, ஒரு சிஸ்டத்தில் மட்டும் தேதி குழம்புவது ஏன்?

கேள்வி இது: ஆபீஸில் ஆறு சிஸ்டம். வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் திறந்தால் ஐந்தில் தேதி சரியாக இருக்கிறது, ஒன்றில் மட்டும் குளறுபடி. எக்செலை எடுத்துவிட்டு மறுபடி போட்டும் தீரவில்லை. வைரஸாக இருக்குமா?

எனக்கு வைரஸாகத் தெரியவில்லை. அந்த லாகினில் விண்டோஸின் ரீஜன் (தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் இதையேதான் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த கணக்குப் பெண் அனுப்பும் மார்ச் மாதக் கணக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. "நீதான் தப்பா அடிச்சிருப்பே" என்று எல்லோரும் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறக்கச் சொன்னேன். 01/03/2024 என்ற தேதி 1/3/2024 என்று வந்தது. முன்னால் இருந்த பூஜ்யத்தைக் காணோம், மற்றபடி அதே தேதி போலத்தான் தெரிகிறது. ஆனால் 13/03/2024 பூஜ்யத்தோடு அப்படியே, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கேதான் பிடி கிடைத்தது. எக்செல் தேதி என்று ஏற்றுக்கொண்டால் வலது பக்கம் நிறுத்தும், வெறும் எழுத்தாக எடுத்தால் இடது பக்கம்.

அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். அதனால் மார்ச் 1 முதல் 12 வரை உள்ள வரவுசெலவு ஜனவரி 3, பிப்ரவரி 3 என்று டிசம்பர் 3 வரை சிதறிவிட்டது. மார்ச் 3 மட்டும் தப்பித்தது. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் 13 முதல் எல்லாம் எழுத்தாகவே நின்றுவிட்டது. அவள் திரையில் 1/3 என்று தெரிந்ததை எக்செல் கோப்பாகச் சேமித்து அனுப்ப, மற்றவர்கள் திரையில் அது 03-01 ஆகத் தெரிந்தது. பாவம், அவள் எதையுமே தட்டச்சு செய்யவில்லை.

அதே மெஷினில், முன்பு வேலை பார்த்தவரின் லாகினில் நுழைந்து கோப்பைத் திறந்தோம். தேதி சரியாக வந்தது. அப்படியானால் மெஷினிலும் எக்செலிலும் கோளாறு இல்லை, அவள் லாகினில்தான். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். எதையும் அழித்துப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

சரி செய்வது சுலபம். கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் ஃபார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். எக்செலை மூடித் திறங்கள்.

ஆனால் ஏற்கெனவே சேமித்த கோப்புகள் இதனால் திருந்தாது. எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 05/03/2024 என்பதை மார்ச் 5 என்று படித்தால் 45356, மே 3 என்று படித்தால் 45415. தப்பான எண் உள்ளே போய்விட்டால் எந்த சிஸ்டத்தில் திறந்தாலும் தப்புதான். வங்கியின் மூலக் கோப்பை மறுபடி இறக்கி, புதிதாகத் திறந்து சேமியுங்கள். நாங்கள் அந்த மாதம் முழுவதையும் அப்படித்தான் மீட்டோம்.

அப்புறம், அதே ரீஜன் பெட்டியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேபில் காப்பி செட்டிங்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் புதிய யூசர்களுக்கான கட்டத்தை டிக் செய்துவிட்டால், அந்த சிஸ்டத்தில் அடுத்து வருபவரின் லாகின் இந்தியத் தேதியோடே உருவாகும்.